நடுவரைத் திட்டியவள்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது.

"மெர்லு! உன் கண்ணாடிய எங்க வீட்டு நாய் போட்டுக்கிட்டு அலையுது, வந்து வாங்கிக்க!"

கத்தியவள் லவோன் ஹாக்பெர்க், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வாங்கிக்கொண்டவர் மெர்ல் ட்வைட், எங்கள் ஊர் பேஸ்பால் நடுவர். பத்தொன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான். நான் ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவன். கதை எழுதுவது இப்போதுதான்.

முதல் வரைவு: 'மினசோட்டாவின் சோளக்காடுகளுக்கு நடுவே வைரம்போல ஒரு' (வேண்டாம். மைதானம் வைர வடிவம்தான், ஆனாலும் வேண்டாம்.)

2

லவோனுக்கு மெர்ல்மீது ரகசியக் காதல் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். பக்கத்திலேயே கணவர் ராய் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார், பாவம். அவள் அவ்வளவு கூர்மையாக ஆட்டம் பார்ப்பவள், அவ்வளவே.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது, கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் முடிந்தது.

"மெர்லு, முழிச்சிருக்கியா?"

மட்டையாளருக்குப் பின்னால் குனிந்து நின்ற மெர்ல் சிரித்தபடி முகத்தை லேசாகத் திருப்பினார். பந்து மட்டையில் உரசி, முகக்கவசத்தைத் தாண்டி, காதோரம் தாக்கியது. மெர்ல் விழுந்தார்.

இரு அணிகளும் நின்ற இடத்திலேயே ஒற்றைக்கால் மண்டியிட்டன. முந்நூறு பேர் தொப்பியைக் கழற்றினோம். கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் மட்டும் கேட்டது. கோவிலில்கூட நான் அப்படியொரு அமைதியை

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

ஏழு நிமிடம். எண்ணியது நான்தான், இந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் கிடையாது. கடைசி ஆள் ஆட்டமிழக்கும்வரை மாலை காத்திருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இதில் புல்லரிக்கும்.

கூட்டத்திலிருந்து ஓடிவந்த செவிலி ஒருத்தி குனிந்து, "மெர்ல், நான் பேசறது கேக்குதா?" என்றாள். கண் திறக்காமலே அவர் சொன்னார்: "மூணு பால், ரெண்டு ஸ்டிரைக்."

புத்தகத்தைப் பார்த்தேன். சரிதான். இன்னொரு பால், அதாவது தட்டுக்கு வெளியே போகும் பந்து, வந்தால் எங்களுக்கு ஒரு ஓட்டம்; இன்னொரு ஸ்டிரைக் என்றால் ஆட்டம் முடிந்தது.

4

கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார். 'வீட்டுக்குப் போ' என்று செவிலி சொன்னதை அவர் கேட்கவில்லை. லவோன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். மெர்ல் வேலியருகே நடந்துவந்தார்.

"எங்க கெளம்பிட்டே?"

"என்னாலதான திரும்புனே? இனிமே வாயத் தொறக்க மாட்டேன் மெர்லு." அழுதுகொண்டிருந்தாள்.

"நீ கத்தலேன்னா, நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? உக்காரும்மா."

ராய் நகர்ந்து இடம்விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

5

அடுத்த பந்து. மட்டையாளர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டின் வெளியோரத்தை நூலளவு தொட்டதா, தொடவில்லையா? தொட்டிருந்தால் ஸ்டிரைக். எங்கள் ஆள் மட்டையை அசைக்கவில்லை. மெர்லின் வலதுகை மேலே போயிற்று.

ஸ்டிரைக். தோற்றோம்.

லவோன் எழுந்து நின்றாள். அவள் கத்தியதை ஏழுமுறை எழுதிப் பார்த்தேன். ஏழும் அவள் நிஜமாகக் கத்தியதன் பக்கத்தில் சாதுவாகப் படுத்துக்கொள்கின்றன. மெர்ல் அவள் பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டிருக்கிறார். ராய் காதைப் பொத்திக்கொண்டுவிட்டார்.

உங்களுக்கு வாயில் என்ன வருகிறதோ, கத்துங்கள்.