ஜன்னலைச் சாத்துகிறவன்

தையற்கடைக்காரிக்குக் கோபம் வந்தால் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்றக்கூட நினைவிருக்காது. அன்று அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றாள். எட்டாவது படிக்கும் மகன் தலையைச் சொறிந்தபடி பின்னால் வந்தான்.

வரலாற்று வாத்தியாருக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை. அவர்தான் நாடகம் போடுகிறார். இதே ஊரில் ஒரு காலத்தில், வேறு மொழி பேசியதற்காக ஒரு தெருவையே அடித்து விரட்டிய கதை. அன்று ஒரே ஒருத்திதான் கதவைத் திறந்து நாலு பேரை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு ஜன்னலைச் சாத்துற வேஷமா சார்? ஒரு வசனம்கூட இல்லையாமே!"

"வகுப்புல எல்லாருமே கதவு திறக்கிற வேஷம்தாம்மா கேட்டாங்க. அத்தனை வீடும் திறந்திருந்தா அன்னிக்கு ஒண்ணுமே நடந்திருக்காதே. அதான் சீட்டு குலுக்கிப் போட்டோம்."

"எனக்கு வேஷம் ஓகேதான் சார்," என்றான் மகன். "அவன் ஏன் சாத்துறான்னுதான் புரியல. கெட்டவனா?"

"இதுல என்னடா புரியல? வீட்டுல குழந்தைங்க தூங்குதுங்க. வெளியில தடியோட நிக்கிறானுங்க. நமக்கெதுக்கு வம்புன்னு சாத்துவான். நானா இருந்தாலும்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நீயும் சாத்துவியாம்மா?"

அவன் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"தெரியலடா. சாத்தினா அதுக்கப்புறம் தூக்கம் வராது. அது மட்டும் தெரியும்."

சண்டை போட வந்தவள் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்கக் கடை ஜன்னல் படாத பாடு பட்டது. ஒத்திகை என்று அவன் சாத்திச் சாத்தித் திறக்க, அளவு கொடுக்க வந்தவர்கள் புழுக்கத்தில் விசிறிக்கொண்டார்கள்.

நாடகத்தன்று மேடையில் அடிபட்டு ஓடி வந்தவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள். அவன் சாத்திவிட்டுப் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டான். யாரோ சிரித்தார்கள். மறுபடி தட்டினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் எல்லாம் கதவு திறந்தவளுக்குத்தான் போனது.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னான்: "ரெண்டாவது தடவை தட்டினப்போ திறந்துடலாம்னு கை போயிடுச்சும்மா. சார் திட்டுவாரேன்னு விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கு சாத்துனவங்களும் அப்படித்தான்டா. யாராவது ஏதாவது சொல்லுவாங்களேன்னு பயம்."

"அப்ப நிஜமாவே யாராச்சும் தட்டினா நான் திறந்துடுவேன்."

"திற. நானும் பக்கத்துல நிக்கிறேன்."

சொன்ன பிறகு அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.