மண்முனைப் பாலத்து மீன்

இஷாமின் சைக்கிளில் இருந்த 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கரைக் கண்ணூறு படாமல் இருக்க ஒட்டியது என்றுதான் காத்தான்குடியில் எல்லாரும் நினைத்தார்கள். வேறென்ன நினைப்பார்கள்? ஸ்டிக்கர் ஒட்டாத வாகனம் ஊரில் எது? ஓட்டோவில் இருக்கிறது, லொறியில் இருக்கிறது, மீன்பெட்டி கட்டின மோட்டர் சைக்கிளிலும் இருக்கிறது. ஆனால் இது ஒட்டியிருந்த இடம்தான் கொஞ்சம் விசித்திரம். ஹேண்டிலுக்கும் சீற்றுக்கும் நடுவில் ஓடுகிற பாரின் தலைப்பில், ஒரு சின்னப் பொத்தானை மூடிக்கொண்டு இருந்தது. ஒட்டியவள் அவருடைய மனைவி நிஸ்மியா. அவள் மறைக்கப் பார்த்தது கண்ணூறை அல்ல, அந்தப் பொத்தானில் எரிகிற வெளிச்சத்தை.

பாவம் அவள், வேறு வழி என்ன இருந்தது?

கட்டாரில் கிரேன் ஓட்டின மனிசன் இஷாம். வானத்தில் இருந்துகொண்டு இரும்புத் தூண்களைப் பூப்போலத் தூக்கி வைத்தவர், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். ஊருக்கு வந்து, கொழும்பில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ஒரு வாளித் தண்ணீர் தூக்கப் பயம். பள்ளிக்குப் போகும் வழியில் ஆரும் சுகம் கேட்டால் கோபம். வாய் ஓயாமல் கதைக்கிற மனிசன், "ஓம்", "இல்ல" என்ற ரெண்டு சொல்லோடு நாளை முடித்தார். ராவில் அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே நிஸ்மியாவுக்கு நித்திரை போயிற்று. நோயை விட அந்த முதுகுதான் அவளைக் கொன்றது.

"சைக்கிள் ஓடட்டும்" என்றார் டொக்டர். "ஆனா மூச்சு வாங்கப்படாது. கதைச்சிக்கிட்டே ஓடுற அளவுக்குத்தான்."

தோஹாவில் இருக்கும் மகன் ஷிஹான் கார்கோவில் அனுப்பிவைத்தான் ஒரு சைக்கிளை. ஒற்றைக் கையால் தூக்கலாம். ரேஸ் சைக்கிள் மாதிரி மெலிந்த டயர், வளைந்த ஹேண்டில். மோட்டர் பின்சில்லின் நடுவில் ஒரு தென்னங்குரும்பட்டி போல ஒளிந்து கிடந்தது, பற்றரி பாருக்குள். ஷிஹான் வீடியோ கோலில் வந்து விளங்கப்படுத்தினான். உழக்கினால்தான் மோட்டரும் உழைக்கும், உழக்கலை விட்டால் அதுவும் விட்டுவிடும். பொத்தானை ஒருக்கா அமத்தினால் பச்சை எரியும், அது ஒண்டு, மெல்லத் தள்ளும். மறுகா அமத்தினால் செம்மஞ்சள், ரெண்டு. இன்னொருக்கா அமத்தினால் சிவப்பு, மூண்டு. பொத்தானைத் தொடாமல் போனிலும் மாற்றலாம்.

இஷாம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழும்பினார்.

"மோட்டர் தள்ளிக்கொண்டு போறதுக்கு நான் என்ன செத்த மையித்தா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவுங்க" என்றாள் நிஸ்மியா.

"மோட்டர நிப்பாட்டினா ஓடுறன். இல்லாட்டி இத ஆருக்கும் குடு."

நிப்பாட்டித்தான் கொடுத்தாள். முதல்நாள் ஒழுங்கை முனைவரை போனார். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், உதடு வெளுத்து. நேரே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பினார். அன்றைக்குப் பின்னேரம்தான் நிஸ்மியா கடைக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய ஸ்டிக்கராகப் பார்த்து வாங்கி வந்தாள். அல்லாஹ்வின் பெயர் எழுதினதை அவர் உரித்துப் பார்க்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கள்ளத்தனம்தான். இரண்டு ரக்அத் தொழுது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒட்டினாள்.

அதன் பிறகு சுபஹ் தொழுகை முடிய அவர் சைக்கிளில், அவள் பின்னால் ஸ்கூட்டியில்.

"நீ என்னத்துக்கு வாற?"

"விழுந்தா ஆரு தூக்குற?"

ஸ்கூட்டியின் ஹேண்டிலில் போனைப் பூட்டியிருந்தாள். கண் தெருவில், பெருவிரல் போனில், காது அவருடைய பேச்சில். அவள் கண்டுபிடித்த வழி அதுதான். டொக்டர் சொன்னபடி கதைச்சிக்கிட்டே ஓட வேண்டும், அவ்வளவுதானே? தோஹாவில் சாப்பிட்ட மந்திச் சோற்றைப் பற்றி அவர் முன்னால் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டு போவார். வசனம் முழுசாக வந்தால் ஒண்டு. நடுவில் சொல் அறுந்தால் ரெண்டு. "அந்த... இறைச்சி..." என்று இழுத்தால் மூண்டு. உடனே மந்தி பழையபடி மணக்கத் தொடங்கும். எங்கள் பக்கத்தில் மலை இல்லை, மேடு இல்லை. காற்றுத்தான் மேடு. ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கேயிருந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். நிஸ்மியாவின் பெருவிரல் பின்னாலிருந்து மெல்லத் தள்ளும்.

"பாத்தியா நிஸ்மியா, என்ட காலுக்கு ஒண்டுமில்ல!"

"ஆரு சொன்ன இரிக்கி எண்டு?"

அவர் வளவுக்குள் தண்ணீர் இறைத்தார். பள்ளியில் நின்று கதைத்துவிட்டுத் தாமதமாக வந்தார். சாப்பாட்டுக்குக் குறை சொன்னார், அல்ஹம்துலில்லாஹ்! ராவில் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். நிஸ்மியாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. இந்த மனிசனுக்கு உண்மை தெரிந்தால், மறுபடி அந்தச் சுவர்தான். இனி ஒருமுறை அவர் அங்கே திரும்பினால் ஆராலும் எழுப்ப ஏலாது.

ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பினால் வாவி வரும். மண்முனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, அங்கே வட்டையில் அவருக்குக் கொஞ்சம் வயல். அதைப் பார்க்கப் போகவேண்டும் என்று ஒருநாள் கிளம்பினார். விடிந்தும் விடியாத நேரம். வாவி பால் ஊற்றி வைத்த தட்டம் போல அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே மூடுபனி, பாலம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒரு தோணி வெறும் வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீர்க்காகம் ஒன்று முக்குளித்தது, எழும்பவே இல்லை. இஷாமின் வெள்ளைத் தொப்பி முன்னால் மிதந்துகொண்டு போனது. இது கனவாக இருந்தால் முடியவேண்டாம் என்று நிஸ்மியா நினைத்தாள்.

பாலத்தின் நடுவில் அவர் பேச்சை நிறுத்தினார். அவளுடைய பெருவிரல் போனுக்குப் பாய்ந்தது. நீண்ட தூரம் என்று கிளம்பும்போதே போட்ட மூண்டில்தான் இருந்தது. யா அல்லாஹ்!

"உஷ்!" என்றார் இஷாம். "நிஸ்மியா, மீன் பாடுது!"

"என்ன?"

"மீன் பாடுதுகா! உனக்குக் கேக்கல்லியா?"

ஸ்கூட்டிச் சத்தத்தில் அவளுக்கு என்ன கேட்கும்? ஆனால் விளங்கிவிட்டது. தெருவென்றால் பஸ்ஸும் லொறியும் இரையும். பாலத்தில் அந்த நேரம் ஒரு பூச்சியும் இல்லை. மூண்டில் முக்கிக்கொண்டிருந்த மோட்டரின் அதிர்வு, பாருக்குள்ளால் ஏறி அவருடைய கைக்கு வந்திருக்கிறது. கிரேன் இரைச்சலில் பாதிக் காது போன மனிசன் கையால்தான் கேட்டார். வாவி மீன் பாடும் என்று பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு வேறென்ன நினைப்பு வரும்? தோணிக்காரர் சவள் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார்களே, அதே மாதிரி இருக்கிறது என்றார். உழக்கலை நிறுத்திப் பார்த்தார். பாட்டும் நின்றது. மறுபடி உழக்கினார். பாடியது.

"வெக்கப்படுது. நிண்டா பாடாது" என்றார், குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு.

ஊர் முழுக்கச் சொன்னார். கூட்டாளி பக்கீர் ஒருநாள் விடிய வந்து பாலத்தில் நின்று பார்த்தான். நுளம்புக்கடி வாங்கினதுதான் மிச்சம். "பொய்க்காரன்" என்று போகிற வழியெல்லாம் ஏசினான்.

"அதுகள் அல்லாஹ்வப் புகழ்ந்து தஸ்பீஹ் செய்யுதுகள். உனக்கு அது கேக்காது, நீ பொறாமக்காரன்" என்றார் இஷாம்.

வீட்டில் வேறொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "நிஸ்மியா, அது பாடுறவரைக்கும் எனக்கு ஒண்டும் வராது. என்ட கல்பு சொல்லுது."

அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கச்சான் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நிஸ்மியா கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். மூண்டு ரெண்டானது. "மீன் கொஞ்சம் தூரப் போயிட்டு" என்றார். ரெண்டு ஒண்டானது. "இப்ப குஞ்சு மீன் பாடுது." கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், இனி மோட்டர் இல்லாமலே அவர் தன் பாட்டில் ஓடலாம், பயமில்லை என்றார். அவர் உள்ளே சேட்டுப் போடுகிற நேரத்தில், அதை வெளியே நின்று கேட்டது நிஸ்மியா மட்டும்.

அடுத்த நாள் விடிய, பாலத்தில் அவர் வயலில் நெல் குடலையாகிக் கதிர் தள்ளக் காத்து நிற்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு சொல்லும் அறவில்லை. கச்சான் முகத்தில் அடிக்கிறது, வசனம் முழுசு முழுசாக வருகிறது. நிஸ்மியா பிஸ்மி சொல்லிக்கொண்டு, பாலத்து விளக்குக்கம்பம் ஒன்றைத் தாண்டும்போது ஒண்டையும் எடுத்துவிட்டாள். 

சைக்கிள் ஒரு கணம் தயங்கியது. பிறகு போனது. அவருடைய சொந்தக் கால், சொந்த நெஞ்சு. அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் பேச்சு நின்றுவிட்டது. பெருவிரல் போனுக்கு மேலே நின்றது. போடவா? போடவில்லை. அவர் ஒரு சொல்லும் இல்லாமல் பாலம் முடியும்வரை உழக்கி, அக்கரையில் இறங்கி, சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு நிலத்தில் குந்தினார். அவள் ஸ்கூட்டியை நிப்பாட்டிவிட்டு ஓடினாள்.

"நோகுதா? நெஞ்சு நோகுதா?"

"இல்ல." முகம் சாம்பல். "மீன் நிண்டுட்டு."

"என்ன?"

"நடுப்பாலத்துல... பாட்டு அறுந்துட்டு. நான் உழக்கிக்கிட்டுத்தான் வந்த, ஆனா பாடல்ல." அவளுடைய கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. "என்ட நேரம் வந்துட்டு போல. ஷிஹானுக்கு கோல் எடு புள்ள."

அவள் என்ன செய்வாள்? சொன்னால் சுவர். சொல்லாவிட்டால் இந்தப் பயமே அவருடைய நெஞ்சைப் பிடித்துவிடும். நிஸ்மியா அவருக்கு முன்னால் மண்ணில் இருந்தாள்.

"அது மீனில்ல. மோட்டர்."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"நான்தான் போட்ட. முதல்ல இருந்து. போனால கூட்டிக் கொறச்சி... ஸ்டிக்கரும் அதுக்குத்தான். இண்டைக்குத்தான் முழுசா நிப்பாட்டின. பாடல்ல எண்டா அது நீங்க. இந்தக் கச்சானுக்குள்ளால நீங்க தனிய வந்தீங்க, வல்லாஹி!"

இஷாம் எழும்பினார். தண்ணீர்ப்பக்கம் நடந்துபோய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதே முதுகு. நிஸ்மியா அதைப் பார்க்கமாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் ஏறியது. கச்சான் ஓய்ந்து, தென்னோலை ஒன்றும் அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு கடல்பக்கமிருந்து மெல்ல ஒரு காற்று எழும்பி வாவியில் சுருக்கம் விழுத்தியது. இனி வீட்டுக்குப் போகவும் எதிர்க்காற்றுத்தான்.

"எங்க இரிந்து நிப்பாட்டின?" என்றார், திரும்பாமலே.

"அந்தா, அந்த விளக்குக்கம்பம்."

அவர் அந்தக் கம்பத்தைப் பார்த்தார். அதற்கும் தனக்கும் இடையில் கிடந்த பாலத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு வந்து சைக்கிளைத் தூக்கினார்.

"போன எடு. மூண்டுல போடு."

"என்னத்துக்கு?"

"போடுகா எண்டா!"

போட்டாள். அவர் ஒரு கையால் சீற்றைப் பிடித்துப் பின்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தினார். மற்றக் கையால் பெடலைச் சுற்றினார். "காத வை" என்றார். நிஸ்மியா குனிந்து, முந்தானையை ஒதுக்கி, ஸ்டிக்கர் ஒட்டின இடத்தில் காதை வைத்தாள். அவ்வளவு நாளும் ஸ்கூட்டி இரைச்சலில் பின்னால் வந்தவள், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். இரும்புக்குள் ஆழத்தில் எங்கேயோ, நீளமாக, நிறுத்தாமல், ஒன்று பாடிக்கொண்டிருந்தது. 

"கேக்குதா?"

"ஓம்." அவளுடைய கண்ணீர் ஸ்டிக்கரில் விழுந்தது. "பாடுது."

"அப்ப நான் பொய் சொல்லல்ல. நீதான் சொன்ன."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, அவளுடைய தலையில் கையை வைத்தார். பிறகு சைக்கிளைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி ஏறினார்.

"காத்து மாறிட்டு நிஸ்மியா. ஒண்டுல போடு, கதைச்சிக்கிட்டுப் போவம்."