இடப்பக்க இருக்கை

“எதிர்ல ஏதாவது வருதா?”

தொலோன் கணவாய் ஏற்றத்தில் ஒரு நிலக்கரி லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். அன்று காலைதான் தலைநகர் பிஷ்கெக்கில் இந்த வேனை வாங்கியிருந்தோம்.

எங்கள் சாலைகளில் வண்டிகள் வலப்பக்கம் போகும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தால்தான் முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே வருவது தெரியும். ஜப்பானிலிருந்து கப்பலேறி வருகிற பழைய வண்டிகளுக்கு அது வலப்பக்கம் இருக்கும். அதனால்தான் விலை பாதி.

“உங்க கையில இருக்கற காசுக்கு இதுதான் வரும், காசிம் அண்ணே. இடப்பக்கம் வேணும்னா இன்னும் நாலு குதிரைய வித்துட்டு வாங்க,” என்று காலையில் சொன்னார் வேன் வியாபாரி சாகின்பெக்.

“இருந்ததே ரெண்டு குதிரை. ரெண்டும் போச்சு,” என்று அப்பா சிரித்தார். மீதிப் பணம், மாஸ்கோவில் கட்டட வேலை செய்யும் என் அண்ணன் அனுப்பியது. எங்கள் ஊர் நாரினிலிருந்து பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றி ஓட்டத்தான் இந்த வேன். இருபது வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டியவர் அப்பா.

சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு ஜப்பானியப் பெண் குரல் ஏதோ சொன்னது. என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

“பாத்தியா பெர்மெத், இவகூட வாயத் திறக்குறா,” என்றார் அப்பா. கிண்டல்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அப்பா அதைப் பற்றி வேறெதுவும் சொன்னதில்லை.

இடப்பக்க இருக்கையில் என் முன்னால் ஸ்டீயரிங் இல்லை. எதிரே வந்த ஓட்டுநர்கள் பழக்கதோஷத்தில் என்னை ஓட்டுநர் என்று நினைத்துக் கையை உயர்த்தினார்கள். நான் குனிந்துகொண்டேன்.

கணவாயில் அப்பா கேட்ட அந்த நேரம், எதிரே ஒரு வெள்ளை லாரி இறங்கி வருவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வார்த்தை தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது, வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே. வருகிறது என்று வேகமாகத் தலையாட்டினேன். அப்பாவின் கண் முன்னால் போன லாரியின் மேல் இருந்தது. என் மௌனத்தைக் காலி ரோடு என்று எடுத்துக்கொண்டார்.

வேன் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. ஹாரன் அலறியது. அப்பா திரும்ப உள்ளே ஒடித்தார். என் பக்கத்தில் வெளியே நீட்டியிருந்த, பின்னால் பார்க்கும் கண்ணாடி பிய்ந்துகொண்டு போனது.

சாலையோரம் நிறுத்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வித்துடலாம். முன் சீட்டுல ஏறுறவன் பாதிப் பேர் தூங்கிடுவான். கண்டவன் கண்ண நம்பி இந்த மலையில ஓட்ட முடியாது,” என்றார். வீட்டுக்கு வரும்வரை எந்த வண்டியையும் தாண்டவில்லை.

ஒன்பது நாள் கழித்து, வேனைத் திரும்ப வாங்க சாகின்பெக் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கண்ணாடி பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஏத்தத்துல இழுக்குதான்னு பாக்கணும், அண்ணே. அப்புறம் விலை பேசலாம். வாங்கின விலை மட்டும் கேக்காதீங்க.”

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா ஒரு கணம் பார்த்தார். சாவியைத் திருப்பினார். ஜப்பான்காரி தன் வாக்கியத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கணவாயில் அதே மாதிரி ஒரு நிலக்கரி லாரி. அப்பா பின்னாலேயே போனார்.

“என்ன அண்ணே, பொண்ணழைப்பு ஊர்வலமா? தாண்டுங்க!” என்றார் சாகின்பெக் பின் இருக்கையிலிருந்து.

“வேணாம்.” அப்பா என்னிடம் கேட்கவில்லை. இனி கேட்கவே மாட்டார் என்று தோன்றியது. அந்த வெள்ளை லாரியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“பொறுங்கப்பா,” என்றேன்.

யாரோ பேசியது போல இருந்தது. அப்பாவின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

“சிவப்பு லாரி ஒண்ணு வருது.” அது கடந்தது. “பின்னால ஒரு சின்ன காரு. பொறுங்க. வளைவு... இன்னும் பொறுங்க...”

வளைவு முடிந்தது. சாலை உச்சிவரை வெறுமையாகக் கிடந்தது.

“இப்ப போங்க.”

நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் கால் அழுந்திவிட்டது. இன்னொரு முறை கேட்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. லாரியின் கறுத்த உடல் அப்பாவின் தோளுக்கு அந்தப் பக்கம் நழுவிப் பின்னால் போனது. அதற்குப் பிறகும் இரண்டு லாரி, ஒரு வைக்கோல் வண்டி. மூன்றாவது முறை என் குரல் எனக்கே பழகிவிட்டிருந்தது.

வாசலில் இறங்கியதும் சாகின்பெக் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்தார். “நல்லா இழுக்குது. சொல்லுங்க அண்ணே, என்ன விலை?”

அப்பா உடைந்த கண்ணாடியிருந்த இடத்தில் கையை வைத்தார்.

“இதுக்கு ஒரு கண்ணாடி கெடச்சா அனுப்பு, சாகின். பழசாவே இருக்கட்டும். இவளுக்குப் பின்னாலயும் தெரியணுமில்ல.”

சாகின்பெக் வேனைப் பார்த்தார், பிறகு என்னை. நோட்டுக் கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடப்பக்க ஸ்டீயரிங் வைத்த தன் காரில் ஏறிப் போய்விட்டார்.