கேட்டியில் அரிசி போய் வந்த வாரம்

கடல் கடந்த கேட்டி நகரத்துத் தமிழர் வீடுகளில் இருந்த அரிசி முழுவதும், பள்ளியின் பல நாட்டு உணவு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காலை காபி வேளையில் காணாமல் போயிற்று. மூட்டைகள் தையல் பிரியாமல் நின்றன; உள்ளே காற்றுதான். பாஸ்மதி மட்டும் நகரவில்லை. அதற்கு இந்த வம்பில் பங்கில்லை.

வம்பு முந்தின மாலை தொடங்கியது. தமிழ்ச் சங்கத்தின் விழாக் கடைக்குப் பொறுப்பேற்றிருந்த ராமாத்தாள், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர், பெருந்துறைக்காரி, ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தாள்: எங்கள் அரிசி மிளகோடு கப்பலேறிக் கிரேக்கர் வாயில் ஒரைசா ஆனது, அங்கிருந்து ஊர் ஊராகப் போய் ஸ்பானியரின் அரோஸும் ஆங்கிலேயரின் ரைஸும் ஆனது. "அந்த வார்த்தை பாரசீகம் வழியா போச்சுன்னும் சொல்றாங்க. காண்ட்ரவர்ஸி எதுக்கு மேடம், ரிமூவ் பண்ணிடலாம்" என்று சங்கச் செயலாளர் சிவராமகிருஷ்ணன் பலகையைக் கழற்றித் தன் காரில் போட்டுக்கொண்டார். பண்டிதர்கள் இதில் இன்னும் அடித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் சண்டை வருமுன்பே விட்டுக்கொடுக்கிறவரைக் கண்டால் ராமாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அரிசி தீர்ந்தாலும் "இல்லை" என்று சொல்லக் கூடாது, "நிறைஞ்சிருக்கு" என்றே சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் பதற்றத்தில் வாட்ஸப் குழுவில் வீட்டுக்கு வீடு "அரிசி இல்லை" என்று போட்டார்கள். போடப் போட, ஃபிரிட்ஜில் இருந்த தோசை மாவும் போயிற்று. கடையையே கேன்சல் பண்ணிவிடலாம் என்றார் செயலாளர்.

ராமாத்தாள் புதுப் பலகை எழுதினாள், முன்னதைவிடப் பெரிதாக. விழாவன்று பெரிய குக்கரில் பருப்பும் சின்ன வெங்காயமும் தண்ணீரும் மட்டும் போட்டு, வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "அரிசி நெறைஞ்சிருக்குதுங்க. அதோட பேரை யார் கழட்டுனாலும் நெறைஞ்சுதான் இருக்கும்." மூடி தானாக எழும்பியது. பொங்கி வந்தது அவள் ஊர்ச் சாதமான அரிசியும் பருப்பும்; மாலைவரை குறையவில்லை. பக்கத்துக் கடை கிரேக்கப் பெண் எலெனி, எங்கள் ஊரில் இதை ரீசி என்போம் என்று சொல்லி மூன்று தட்டு வாங்கிப் போனாள்.

கடைசியில் தட்டோடு வந்தவர் சிவராமகிருஷ்ணன். "கொஞ்சம் ரைஸ்..." என்றார். ராமாத்தாள் கரண்டியை அசைக்கவில்லை.

"என்ன வேணும்னு சொல்லுங்ணா."

கூட்டம் முழுக்கப் பார்த்தது. "அரிசியும் பருப்பும்" என்றார். தட்டு கொள்ளாமல் போட்டு, மேலே நெய்யும் ஊற்றினாள்.

வீட்டு மூட்டைகள் அன்றைக்கே கனத்தன. பண்டிதர் வழக்கு இன்னும் தீரவில்லை. பலகை இறங்கவும் இல்லை. அடுத்த ஆண்டு கடைக்குச் சங்கம் பருப்பும் வெங்காயமும் மட்டும் வாங்கியது; அரிசி வாங்கிவர யாரையும் அனுப்பவில்லை.