வாய் திறக்காத பத்து நாள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது, முன்பள்ளி ஆசிரியைகளைப் பயிற்றும் அந்தச் சர்வதேசக் கல்லூரி. வகுப்பறை ஒன்று, மாணவிகள் பதினொருவர். பெயர்ப்பலகை வகுப்பறையைவிட இரண்டடி நீளம். பணிப்பாளர் குணரத்தினம், பிள்ளை வளர்ச்சி பற்றிப் படிப்பிப்பதில் பதினைந்து வருட அனுபவசாலி. உண்மையான பிள்ளை ஒன்று கிட்ட வந்தால் மட்டும், காற்சட்டையில் ஊத்தை பிரளும் என்று இரண்டு எட்டுப் பின்வாங்குவார்.

"பிள்ளையை அவதானிக்கிற ஆள் கதிரை மாதிரி இருக்கவேணும்," என்றார் அவர். "பத்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். அந்தப் பத்து நாளும் பிள்ளையோட ஒரு சொல்லுக் கதைச்சாலும் அவதானிப்புக் கோப்பு பழுது. வேற பிள்ளையோட முதல்ல இருந்து துவங்கவேணும்."

பதினொரு பேரும் தலையாட்டினார்கள். நம்பியவள் கௌசிகா ஒருத்திதான்.

அவளுக்கு ஊர் திரியாய். லிங்கநகரில் மெலனி அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பு முடிய மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். சில நாட்களில் அவள் பேசிய மொத்தப் பேச்சே, கடையில் "ஒரு பாண்", வகுப்பில் "ஓம் சேர்". வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தால் சான்றிதழோடு ஊர் போகலாம். தவறினால் அடுத்த சான்றிதழ் ஆறு மாதம் கழித்துத்தான், அதுவரை பின்னறைதான்.

மெலனியின் மூன்றரை வயது மகள் ஜெனிலாவைக் கோப்புக்கு எடுத்தாள். முதல் நாள் பிள்ளை முறைத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் சிரட்டையில் மண் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியது. கௌசிகா வாங்கவில்லை, எழுதினாள். ஐந்தாம் நாள் தாயிடம் போய் அறிவித்தது:

"அம்மா, இந்த அக்காக்குக் கதைக்க ஏலாது. பாவம்."

"அவ படிக்கிறா, நீ குழப்பாத," என்றாள் மெலனி.

பிள்ளை கேட்கவில்லை. மறுநாள் முதல் கதைக்கப் பழக்கத் தொடங்கியது. "சொல்லுங்கோ அக்கா, பூனை. வாயைத் திறவுங்கோ. பூ... னை." அக்கா வாய் திறக்கவில்லை. 'மொழி வளர்ச்சி: மிக நன்று' என்று எழுதினாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் முன்னறையில் செபமாலை முடிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கௌசிகா பாண் தின்றுகொண்டிருந்தாள்.

"மாதாவே, பின்னறை அக்காக்குப் பேச்சுக் குடுங்கோ," என்றது ஜெனிலாவின் குரல்.

கௌசிகா கடித்த பாணைத் தட்டில் வைத்தாள்.

பத்தாம் நாள் ஜெனிலா நேரே வந்து அவள் உதட்டை விரலால் விலக்கி உள்ளே பார்த்தது.

"மாதா தந்திட்டாவோ?"

இன்னும் இருபது நிமிடம் பல்லைக் கடித்தால் போதும்.

"ஓம்," என்றாள் கௌசிகா.

பிள்ளை ஆச்சரியப்படவில்லை. "அப்ப கதையுங்கோ. உங்கட வீட்டில ஆரார்?"

அம்மா, தங்கச்சி, கயிறு அறுத்த ஆடு என்று தொடங்கியவள், மெலனி பதறி ஓடிவரும்வரை நிறுத்தவில்லை. "ஐயோ பிள்ளை, உம்மட கோப்பு!"

வெள்ளிக்கிழமை குணரத்தினத்தின் மேசையில் பதினொரு கோப்புகள். முதல் பத்துக் கோப்புகளின் பத்துப் பிள்ளைகளும், நாலாம் நாளில், சொல்லிவைத்தாற்போல் ஆறு கட்டையில் கோபுரம் கட்டியிருந்தார்கள். "விஞ்ஞானபூர்வம்!" என்று பூரித்தார் அவர். பதினோராவதைத் திறந்ததும் முகம் சுருங்கியது.

"'அவதானி பதில் சொன்னார்.' இதையேன் எழுதினனீர்? வெட்டிப்போட்டுத் தாரும்."

"நடந்தது சேர். அவ என்னட்டைக் கேட்டவ."

அவர் பச்சை மையால் 'மீண்டும் செய்க' என்று எழுதி, கொம்பு முளைத்த கையொப்பம் ஒன்றும் போட்டார்.

பக்கத்து ஒழுங்கை சுஹைராவின் மகள் அம்ராவுக்கு முன்னால் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஊமையாக உட்காரவேண்டும். அதனால் ஞாயிறு முழுக்க, தொண்டை கட்டும்வரை, ஜெனிலாவோடு கதைத்தாள்.