சாலையோர மேசையில் காயவைத்த பூசணிகள்

சனிக்கிழமை என் மகள் டெல்லாவுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணி வரைக்கும் என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு, நான் திருடனிடம் பறிகொடுத்தவனா, இல்லை புத்தி பிசகியவனா என்று எனக்கே புரியவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மிஸஸ் ப்ரெஸ்காட் பாஸ்டனில் இருப்பவர். விருந்து எங்கள் வீட்டில் என்றதும், பூ அலங்காரம் முழுக்க ஒரு வேனில் அனுப்பிவிடுகிறேன் என்றார். அக்டோபர் மாதம், இலையெல்லாம் சிவந்து மரமே பற்றி எரிகிற மாதிரி இருக்கிற நேரம், எங்கள் வெர்மான்ட் மலைக்கு வெளியூரிலிருந்து அலங்காரமா? "எங்க வீட்டுக்கு வேண்டியத நாங்களே செஞ்சுக்குவோம்" என்று போனில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன்.

"நாங்களேன்னா யாரு?" என்றாள் என் மனைவி லோர்னா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் ஆஸ்பத்திரி சமையல்கட்டுல நிக்கணும். நீதான் செய்யணும், ஆர்வின்."

செய்தேன். இலையுதிர்காலத்தில் வாசலில் பூசணி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருபது வருஷமாக நிலவறையில் துருப்பிடித்துக் கிடந்த ஊறுகாய் பாட்டில் மூடி வளையங்களை எடுத்தேன். இருபது வளையத்தைக் கயிற்றில் கோத்து இறுக்கி முடிந்தால் அது தானாகவே விரிந்து பூசணி மாதிரி உட்காரும். ஆரஞ்சு வண்ணம் அடித்து, நடுவில் காம்புக்கு ஒரு இலவங்கப்பட்டை. அப்படி இருபத்துநான்கு செய்தேன். எரிந்து மிச்சமான மெழுகுவத்திகளை உருக்கி, அதில் மேப்பிள் இலைகளை முக்கி எடுத்து, சணல் கயிற்றில் ஆறு சரம் கட்டினேன். பால் வண்டி ஓட்டிய கைகள் இவை. விரலெல்லாம் கொப்புளம். ஆனால் அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மூன்று நாள் மழை. வண்ணம் காயவில்லை. வியாழக்கிழமைதான் வெயில் வந்தது, எங்கள் முற்றத்தில் மரநிழல் விலகவே விலகாது. வெயில் விழுகிற ஒரே இடம் சாலையோரம். அங்கே ஜூலையிலிருந்து ஒரு மேசை கிடந்தது, இரண்டு பீப்பாய்மேல் போட்ட பழைய தொழுவக் கதவு. எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பிவிட்டு, உள்ளே போய்ச் சூப் குடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

திரும்பி வந்தால் மேசையில் ஒரு பூசணி இல்லை. ஒரு சரம் இல்லை. அவற்றுக்குப் பதில் ஒரு டஜன் முட்டை, ஒரு பாட்டில் மேப்பிள் பாகு, பீட்ரூட் ஊறுகாய், என் தலை அளவுக்கு ஒரு முட்டைக்கோஸ்.

மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தத் திருடன் முட்டைக்கோஸ் வைத்துவிட்டுப் போவான்? ராத்திரி குப்பையைக் கிளறும் ரக்கூன் என்றால் முட்டையைத் தின்றிருக்கும். ஒருவேளை நான் இன்னும் எதையும் வெளியே வைக்கவே இல்லையோ என்று சமையலறைக்கு ஓடிப் பார்த்தேன். நிலவறையிலும் பார்த்தேன். மறுபடி வந்து முட்டைக்கோஸைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

அப்போதுதான் பக்கத்துப் பண்ணை எல்வுட் டிராக்டரில் வந்தான். முன்னால் விளக்குகளுக்கு நடுவே என் இலைச்சரம் தொங்கியது.

"யோவ், அது என்னோடது" என்றேன்.

"தெரியும்யா. நல்லா இருக்கு. பாகு வெச்சேனே, பாத்தியா?"

"எதுக்குய்யா எடுத்த?"

எல்வுட் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீதானே எழுதி வெச்சிருக்க." மேசையின் முன்பக்கத்தைக் கை காட்டினான்.

சாலைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு பலகை. என் கையெழுத்து. 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.' ஜூலையில் தோட்டத்தில் சுக்கினி கட்டுக்கடங்காமல் காய்த்தபோது, யாராவது கொண்டுபோனால் போதும் என்று ஆணி அடித்தது. தினமும் அதைக் கடந்துதான் வண்டி ஓட்டுகிறேன். மேசையை எடு, எடு என்று லோர்னா ஆகஸ்டிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டெல்லா கல்யாணத்துக்கு செஞ்சதுய்யா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எல்வுட் முகம் வாடிவிட்டது. உடனே சரத்தை அவிழ்க்கப் போனான். நான்தான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்தது கோழி வளர்க்கும் கோரா வீட்டுக்கு, கேட்டு வாங்கியே தீருவது என்று நடந்தேன். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவள் படி இறங்குவதே அபூர்வம். ஊன்றுகோலோடு வாசலில் நின்றிருந்தாள். யார் மூலமோ முட்டையைக் கொடுத்தனுப்பி எடுத்துவரச் சொன்ன மூன்று பூசணியையும் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்திருந்தாள்.

"இந்த வருஷம் என் வாசல் மொட்டையாவே போயிடும்னு நெனச்சேன், ஆர்வின்" என்றாள். "முட்டை போதுமா? இன்னும் தரட்டுமா?"

"போதும், கோரா. ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மற்ற வீடுகளுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி மழை. இலையெல்லாம் கொட்டிச் சேறாகிவிட்டது, மூடி வளையமும் தீர்ந்துவிட்டது. பாஸ்டனுக்குப் போன் போட்டு, 'அந்த வேனை அனுப்புங்கள்' என்று சொல்லிவிடலாமா? இரண்டு தடவை போனை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்தேன். என் வீறாப்பால் என் பெண் மொட்டைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறாள்.

அன்று ராத்திரி வாசலில் டெல்லாவிடம் சொன்னேன். அவள், "அந்த முட்டைக்கோஸ் யாருதுப்பா?" என்றாள்.

"தெரியலம்மா."

"விடுங்கப்பா" என்றாள். சிரித்தாளா அழுதாளா, இருட்டில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை தேவாலயத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மிஸஸ் ப்ரெஸ்காட்டின் கார் தாழ்வானது, எங்கள் மண் சாலைச் சேற்றில் ஏறாது. அதனால் அவரை என் லாரியில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. யாருக்கு முகம் காட்டக் கூடாது என்று நினைத்தேனோ, அவரே பக்கத்து இருக்கையில்.

திருப்பத்தில் முதல் வீடு. தபால் பெட்டிமேல் இரண்டு ஆரஞ்சுப் பூசணி. அடுத்த வீட்டு வேலியில் இலைச்சரம், வெயிலில் மெழுகு பளபளத்தது. கோரா வாசலில் மூன்று. அவள் கையசைத்தாள். எல்வுட் டிராக்டரைச் சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதில் வைக்கோல் கட்டும் ஏற்றியிருந்தான். ஏழு வீடு. ஒரு வீடு பாக்கியில்லை. பிரேக்கில் கால் வைத்தேனா என்று தெரியாது, லாரி ஊர்ந்தது.

"கல்யாணத்துக்காகச் சாலை முழுக்க அலங்காரம் பண்ணியிருக்கீங்களா?" என்றார் அவர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லீங்க" என்றேன். "வீட்டுக்குச் செஞ்சேன். தெரியாம எல்லாத்தையும் தானம் பண்ணிட்டேன். எங்க வீட்டுல இப்ப ஒண்ணுமில்ல." சுக்கினியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார்.

"எவ்வளவு செலவாச்சு?"

"செலவா? ஒரு முட்டைக்கோஸ் வரவுங்க."

வீட்டு வாசலில் லோர்னா அந்த மேசையைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். நடுவில் முட்டைக்கோஸ், சுற்றி முட்டை, பாகு, பீட்ரூட். என்னைக் கேலி செய்வதற்கென்றே பலகையையும் கழற்றாமல் விட்டிருந்தாள்.

மிஸஸ் ப்ரெஸ்காட் இறங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையைப் படித்தார். பிறகு, பட்டுக் கையுறை போட்ட இரண்டு கையாலும் முட்டைக்கோஸைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். தன் கோட்டில் குத்தியிருந்த வெள்ளை ரோஜாவைக் கழற்றி, முட்டைக்கோஸ் இருந்த இடத்தில் வைத்தார்.

நான் பாகு பாட்டிலையும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.