ஓய்வில் பதின்மூன்று மில்லிமீட்டர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாய் ஒன்றரை விரல்தான் திறந்தது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் தாடை நலம் என்பது எங்கள் மருத்துவமனையில் வைத்திருக்கும் எளிய கணக்கு. அத்தான் நான்கு மாதமாகச் சாப்பாட்டைக் கரண்டியின் ஓரத்தால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கொட்டாவி வந்தால் இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடிப்பார். பார்ப்பவர்களுக்கு ஏதோ ரகசியத்தைக் கேட்டு அதிர்ந்தவர் மாதிரி இருக்கும்.

வலது காதுக்கு முன்னால், தாடை மண்டையோடு சேரும் மூட்டில், இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு சின்னத் தட்டு உண்டு. அது நழுவி மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று தாடை டாக்டரம்மா சந்தேகப்பட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்து அது உறுதியானால் அடுத்த வியாழக்கிழமை மூட்டைத் திறந்து அறுவை. கத்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. சிலருக்கு நெற்றியும் இமையும் கொஞ்ச காலம் சொன்ன பேச்சைக் கேட்காது என்றும் சொல்லிவைத்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அத்தான் கண்ணாடி எதிரே நின்று புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்றைக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர் போல.

நான் அதே மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். எதையும் மூன்று முறை அளந்து சராசரி எழுதுவது என் வழக்கம். அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் "டேப்பு".

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் ஒரு படிவம் உண்டு. அது பெரிய காந்தம். உடம்புக்குள் இரும்பு இருந்தால் இழுத்துவிடும். "உடலில் உலோகம் ஏதேனும் உண்டா?" என்ற கேள்விக்கு அத்தான் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். படிவம் என் கைக்கு வந்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம், அத்தானுக்கு நாற்காலி, சோபாக்களுக்கு மெத்தை கட்டும் பட்டறை. அந்தத் தொழிலில் பழைய ஆட்கள் தலை அகன்ற சின்ன இரும்பு ஆணிகளை வாய் நிறையப் போட்டுக்கொள்வார்கள். நாக்காலேயே ஒவ்வொன்றாகத் திருப்பித் தலையை வெளியே நீட்டினால் காந்தச் சுத்தியல் அதை உதட்டிலிருந்து கவ்விக்கொள்ளும். ஒரு கையில் துணியை இழுத்துப் பிடித்திருப்பவனுக்கு வாய்தான் மூன்றாவது கை. எட்டு வருடத்துக்கு முன் அத்தான் ஒன்றை விழுங்கி வைத்தார். அக்கா அழுது, பிள்ளைகள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கி, ஸ்டேப்ளர் பின் அடிக்கும் மெஷின் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். அதோடு அந்தப் பழக்கம் ஒழிந்தது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. டாக்டரம்மா "வேலையில வாயால எதையாவது கடிப்பாரா, பிடிப்பாரா?" என்று கேட்டபோதும் அக்காதான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு டாக்டர்" என்றாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன்.

படத்தில், குடலின் ஒரு வளைவில், தலையும் முனையும் சுத்தமாகத் தெரிய, ஓர் ஆணி படுத்திருந்தது.

"எட்டு வருஷமா உள்ளயே இருக்கு போல" என்றார் அத்தான், படத்தைப் பார்க்காமலே.

"அத்தான், ஆணி அங்க வாடகைக்கு இருக்காது. ரெண்டு மூணு நாளுக்குள்ள போனது இது. உண்மையைச் சொல்லுங்க."

அவர் கதவைப் பார்த்தார். வெளியே நீள இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"மெஷின் வளைவுக்கு ஒத்து வராது டேப்பு. கைப்பிடி முனை, முதுகு மடிப்பு, அங்கெல்லாம் ஆணிதான். நேரா இருக்கிற இடத்துக்கு மெஷினு, வளைவுக்கு வாயி."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"ஆறு... ஏழு இருக்கும்."

"அப்ப படிவத்துல ஏன் இல்லைன்னு எழுதுனீங்க?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "உடம்புல உலோகம்னு தானே கேட்டிருக்கு? அது உடம்புலயா இருக்கு? வாயில வச்சிருக்கறது. சுத்தியலை நான் கையில வச்சிருக்கேன், அதையும் எழுதணுமா?"

எம்.ஆர்.ஐ. தள்ளிப்போனது. ஆணி தானாக வெளியேறி, இன்னோர் எக்ஸ்ரேயில் வயிறு காலி என்று தெரிந்த பிறகுதான் அந்த அறை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எக்ஸ்ரேயையும் ஆறு மணி நேரத்தையும் சொன்னேன். "அப்ப மூட்டை விடு, முதல்ல தசையைப் பாரு. அல்ட்ராசவுண்டுல ரெண்டு பக்கமும் அளந்து அனுப்பு" என்றார்.

"அவகிட்ட சொல்லிடாதே" என்றார் அத்தான், நான் போனை வைத்ததும்.

"டாக்டருக்குச் சொல்லாம இருக்கறது என் வேலை இல்ல. அக்காவுக்குச் சொல்றதும் என் வேலை இல்ல. அது உங்க வேலை."

கன்னத்தில், வாயோரத்துக்கும் காது மடலுக்கும் நடுவே, பல்லைக் கடித்தால் கட்டியாக எழும்பும் தசைதான் மெல்லுவதற்கு முக்கியமான தசை. அங்கே குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கருவியை அழுத்திவிட்டால் தசை நசுங்கி அளவு குறைந்துவிடும். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். முதலில் தாடை ஓய்வாக இருக்கும்போது ஓர் அளவு, பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லி ஓர் அளவு.

இடப் பக்கம் ஓய்வில் பத்து மில்லிமீட்டர், கடித்தால் பதின்மூன்றரை. ஒழுங்கான தசை, வேலை வந்தால் புடைத்து, முடிந்தால் அடங்குகிறது.

வலப் பக்கம் ஓய்வில் பதின்மூன்று. கடித்தால் பதின்மூன்றே முக்கால்.

மூன்று முறை அளந்தேன். கருவியைத் துடைத்து நான்காவது முறையும் அளந்தேன். அதேதான். வலி உள்ள தசை வீங்கியிருக்கலாம், சரி. ஆனால் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் என்ன அர்த்தம்?

"அத்தான், தாடையைத் தளர்த்துங்க."

"தளர்த்தித்தான் இருக்கேன்."

"கடிக்கிறீங்க."

"வாயில ஒண்ணுமே இல்லாம எதைக் கடிக்கிறது? உன் தலையையா?"

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பஞ்சு சுற்றிய பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துப் பஞ்சை வெட்டி எறிந்துவிட்டு, ஆணி நீளத்துக்குப் பன்னிரண்டு துண்டுகள் நறுக்கினேன். "பட்டறையில எப்படி வச்சுக்குவீங்களோ அப்படி வச்சுக்குங்க."

அவர் ஒரு துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதுல தலை எது, கால் எது?" என்று ஏளனமாகக் கேட்டுவிட்டு, பன்னிரண்டையும் ஒரே வீச்சில் வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு உள்ளே வேலை செய்வது கன்னத்தில் தெரிந்தது. எல்லாம் வலது கடைவாய்ப் பக்கம் போய் அடுக்கிக்கொண்டன. உதட்டோரத்தில் ஒரு துண்டு மட்டும் எட்டிப் பார்த்தது.

திரையில் வலது தசை: பதின்மூன்று.

கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துண்டுகளைத் துப்பச் சொன்னேன். துப்பினார். வாய் காலி. திரையில் பதின்மூன்று, இம்மியும் மாறவில்லை. ஆணிகள் விழுந்துவிடாமலும் தொண்டைக்குள் போய்விடாமலும் காவல் காத்த தசை, ஆணி போன பிறகும் காவலை விடவில்லை. சாப்பிடும்போதும், பேசும்போதும், ஏன், தூங்கும்போதும்கூட அது அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இதுதான் உங்க தசை. இது தோல், அடியில வெள்ளையா வளைஞ்சு தெரியறது எலும்பு. நடுவுல இருக்கறது முழுக்க அது."

அத்தான் தலையைத் தூக்கினார். பத்து வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் திரும்பாத ஒரு பார்வை அவருக்கு உண்டு. பழைய நாற்காலியின் துணியைக் கிழித்து உள்ளே பார்க்கும்போது வரும். அது வந்தது.

"இந்த வெள்ளை வெள்ளையா கோடு?"

"தசைக்குள்ள இருக்கிற நார்ப் பட்டை."

"இடது பக்கம் காட்டு." காட்டினேன். "அங்க கோடு மெல்லிசா, சீரா ஓடுது. இங்க தடிச்சுப் போய்க் கலைஞ்சு கிடக்கு. பாரு, திணிச்சு வச்ச பஞ்சு. எந்நேரமும் ஆள் உட்கார்ந்த மெத்தை இப்படித்தான் இருக்கும். எழுந்து போனாலும் மேல வராது." விரல் நீட்டித் திரையைத் தொடப் போனார். "இதை எப்படிப் பிரிச்சு... இரு இரு, இப்ப ஏன் அசையுது? இது என்ன கறுப்பா? ரத்தமா ஓடுது?"

கேள்விமேல் கேள்வி. உதடுகள் விலகி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், ஆள் தன்னையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் படத்தை நிறுத்தி அளந்தேன்.

பதினொன்று புள்ளி நான்கு.

"அத்தான், இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலையே."

"அதேதான். அதையே திரும்பப் பண்ணுங்க."

அவர் முயன்றார், உடனே பன்னிரண்டரை ஆகிவிட்டது. முயலுவதை விட்டார், இறங்கியது. அரை மணி நேரம் எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே விளையாடினார், புதிதாகச் சைக்கிள் கிடைத்தவர் மாதிரி. கடைசியில் விரலை வைத்துப் பார்த்தோம். இரண்டு விரல் நுழைந்தது. மூட்டுத் தட்டு மாட்டிக்கொண்டிருந்தால் தசை இளகியதும் இந்த அரை விரல் வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. அறிக்கையில் அளவுகளை மட்டும் எழுதினேன். ஆனால் "ஓய்வில்" என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டேன். அறிக்கையில் கோடு போடும் வழக்கம் எனக்கு இல்லை.

அதற்குள் கதவு திறந்தது. அக்கா. "ரெண்டு கன்னத்தைப் பார்க்க ஒரு மணி நேரமா?" என்றவள், தட்டில் கிடந்த எச்சில் துண்டுகளையும் விளக்குப் பெட்டியில் தொங்கிய எக்ஸ்ரேயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அத்தான் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் பசை வழிந்தது. "நான் சத்தியத்தைக் காப்பாத்தல" என்றார். "வியாழக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடணும்னு இருந்தேன். சொல்லாம அறுத்துக்கிட்டுப் போயிடலாம்னும் இருந்தேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்து, "தாடை இப்படி ஆனதுக்கு அந்த ஆணிதான் காரணமா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்கா. எம்.ஆர்.ஐ. சொல்லணும்."

"அப்ப விட்டாச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னது நான்ல? என் வாயாலதான இவருக்குக் கத்தி வரைக்கும் வந்திருக்கு?" பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தான் கன்னத்துப் பசையை அழுத்தித் துடைத்தாள். அவர் "ஆ" என்றார்.

ஆணி திங்கட்கிழமை வெளியேறியது. எப்படி என்று அத்தான் விவரமாகச் சொல்ல வந்தார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இந்த முறை படிவத்தை அக்கா நிரப்பினாள். மூட்டுத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. வலது தசை மட்டும் படத்தில் இடதைவிடப் பருத்து, நீர் கோத்துப் பளிச்சென்று தெரிந்தது. டாக்டரம்மா அதையும் என் அல்ட்ராசவுண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். வியாழக்கிழமை அறுவையைப் பட்டியலிலிருந்து அடித்தார். வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, ஆறு வாரம் கழித்து மறுபடி அளவு.

ஆறாவது வாரம் நான் பட்டறைக்குப் போனேன். அத்தான் ஒரு கைப்பிடி வளைவில் துணியை இழுத்துப் பிடித்திருந்தார். இடது மணிக்கட்டில் மெத்தைத் துணியில் தைத்த ஒரு பட்டை; பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தத்தை உருவி அக்கா தைத்துக் கொடுத்தது. பட்டை முழுக்க ஆணிகள் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"காட்டுங்க" என்றேன்.

வாயைத் திறந்தார். இரண்டே முக்கால் விரல். என் விரல்கள் அவர் விரல்களைவிட மெலிந்தவை என்பதால் அவர் விரல்களாலேயே மூன்று முறை அளந்தேன்.

"மூட்டை அறுக்காமலே வாய் திறந்துடுச்சு" என்றார், புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு. பிறகு ஆணி ஒன்றை எடுத்தார். கை பாதி தூரம் உதட்டுப் பக்கம் போய், நின்று, துணிக்கு வந்தது. "ஒண்ணு கேக்கணும் டேப்பு. அந்தப் படத்துல கோடெல்லாம் இப்ப எப்படி இருக்கும்? மறுபடி சீரா ஓடுமா, இல்ல ஒரு தடவை திணிச்சது திணிச்சதுதானா?"

"தெரியல அத்தான்."

"தெரியலைன்னா எப்படி? நாளைக்குக் காலையில வரேன், பார்த்துடுவோம்."